திராட்சைத் தோலின் சிவப்பு

கேசரி பவுடர் ஹலாலா என்று கேட்பவர்கள் அரிது. பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து ஆலையில் செய்து வரும் அந்தச் செம்மஞ்சள் தூள் பிரியாணியிலும் அல்வாவிலும் ஜாங்கிரியிலும் காலம் காலமாகக் கலந்துவருகிறது. உடம்புக்குக் கெடுதல் என்று அதைத் திட்டுவார்கள். மார்க்கத்துக்கு ஆகாது என்று சொல்பவர் அநேகமாக இல்லை. அதே நேரத்தில் திராட்சைத் தோலிலிருந்து எடுத்த சிவப்பைப் பற்றி, ஒரு பழத்தின் தோலைப் பற்றி, கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் உலமாக்களும் வேதியியலாளர்களும் கூடி உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. பார்த்தால் தலைகீழாகத் தெரியும். செடி தந்ததைச் சந்தேகிப்பதும் பெட்ரோலியம் தந்ததை விட்டுவிடுவதும் எந்த ஊர் நியாயம் என்று கேட்கத் தோன்றும். வரலாற்றைப் புரட்டினால் அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருப்பது புரியும். சான்றிதழ் வணிகம் கிளப்பிவிட்ட புதுக் கவலையும் அல்ல அது. கடைத்தெருவில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி. ஆனால் அது செடியைக் குறித்த கேள்வி அல்ல. செடியிலிருந்து நிறம் எந்த வழியாக உணவுக்கு வந்து சேர்ந்தது என்பதைக் குறித்த கேள்வி. அந்த எல்லையை விட்டு அது நகரும்போதுதான் வீண் வம்பாகிறது.

செடியின் நிறத்தில் இஸ்லாமியச் சட்டக்கலைக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. பூமியில் உள்ளவை அடிப்படையில் அனுமதிக்கப்பட்டவை, தடுக்கப்பட்டதற்கே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது சட்ட அறிஞர்களிடம் வேரூன்றிய விதி. தாவரங்களில் போதை தருவதும் விஷமும் அசுத்தம் கலந்ததும் மட்டுமே விலக்கு. குங்குமப்பூவைப் பற்றித் தடை இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. நபிமொழிகளான ஹதீஸ்களில் வருவது ஆண்கள் குங்குமப்பூச் சாயம் தோய்ந்த ஆடை அணிவதையும், ஹஜ் யாத்திரைக்கான இஹ்ராம் நிலையில் இருப்பவர் அதை அணிவதையும் பற்றிய தடை. உடை, நறுமணம், அலங்காரம் சார்ந்தது. சாப்பாட்டுக்கு அதை யாரும் நீட்டவில்லை. பத்தாம் நூற்றாண்டு பாக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலிலும், 1226-இல் முஹம்மத் அல்-பக்தாதி எழுதிய சமையல் நூலிலும் குங்குமப்பூ தாராளமாகவே கையாளப்படுகிறது. கிழக்கே மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தக் கடற்கரையில், நாசி கெராபு என்னும் நீலச் சோறு இன்றும் காலை உணவு. நம் வேலியோரங்களில் படரும் அதே சங்குப்பூதான் அதற்கு நிறம். பூவைக் காம்பு கிள்ளி வெந்நீரில் போட்டு, சாறு இறங்கியதும் பிழிந்து வடிகட்டி, அந்தத் தண்ணீரிலேயே அரிசியை வேகவைக்கிறார்கள். இடையில் வருவது நீரும் நெருப்பும் மட்டும். இங்கே ஹலாலா என்று கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

சமையலறையைத் தாண்டி நிறம் கடைக்கு வந்தபோது கதை மாறியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்-ஷைஸரீ என்பவர் சந்தைக் கண்காணிப்பாளர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். முஹ்தசிப் எனப்பட்ட அந்த அதிகாரியின் வேலை எடைக்கற்களைச் சோதிப்பது, பாலில் தண்ணீர் கலப்பவனைப் பிடிப்பது, ரொட்டிக் கடையின் மாவைப் பார்ப்பது. வாசனைப் பொருள் வியாபாரிகளின் தில்லுமுல்லுகளை வரிசைப்படுத்தும் இடத்தில் குங்குமப்பூக் கலப்படமும் வருகிறது. கோழியின் நெஞ்சுக்கறியையோ மாட்டிறைச்சியையோ வேகவைத்து, நார் நாராகப் பிரித்து, குங்குமப்பூத் தண்ணீரில் தோய்த்து, உண்மையான இழைகளோடு கலந்துவிடுவார்களாம். எப்படி அறுத்த விலங்கு, யார் அறுத்தது என்று தெரியாத இறைச்சி, பூ என்ற பெயரில் சமையலுக்குள் போகிறது. நம் கேள்வியின் முழு வடிவமும் இதிலேயே இருக்கிறது. குங்குமப்பூ ஆகுமானது என்பதில் முஹ்தசிபுக்கு ஐயமில்லை. தட்டில் கிடப்பது குங்குமப்பூ மட்டும்தானா என்பதில்தான் ஐயம். இன்றைக்கு ஹலால் சான்றளிப்பவர் ஆலைக்குள் போய்க் கேட்பதும் இதுவே. அவர் கையில் ஆய்வகம் இருக்கிறது, முஹ்தசிபின் கையில் பிரம்பு இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தக் கேள்வியை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குத் தூங்கவைத்தது. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் போய், நிலக்கரித் தாரிலிருந்து ஊதா சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். துணிக்கென்று பிறந்த செயற்கைச் சாயங்கள் சீக்கிரமே மிட்டாய்க்கும் வெண்ணெய்க்கும் பரவின. மலிவு, பளிச்சென்ற நிறம், தண்ணீரில் சட்டென்று கரையும் தன்மை, வெயிலிலும் சூட்டிலும் மங்காத உறுதி: எந்தச் செடியும் இவற்றோடு போட்டியிட முடியவில்லை. மார்க்க நோக்கிலும் அவை தொல்லை தரவில்லை. தாரில் விலங்கு இல்லை, சாராயம் இல்லை. தண்ணீரில் கரையும் தூளுக்குத் தனியாகக் கரைப்பானும் வேண்டாம். தொல்லை உடல்நலத்தின் பக்கமிருந்து வந்தது. 1976-இல் அமெரிக்கா ரெட் நம்பர் 2 சாயத்தைத் தடை செய்தது. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு சில செயற்கை நிறங்களையும் குழந்தைகளின் மிகைத் துடிப்பையும் தொடர்புபடுத்த, 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. உணவு நிறுவனங்கள் இயற்கை நிறங்களை நோக்கித் திரும்பின. திரும்பியபோது, தூங்கிய கேள்வியும் எழுந்துகொண்டது.

இயற்கைச் சிவப்புகளில் உறுதியானது கொச்சினீல். கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து வருவது. அது பூச்சி என்பதால் சர்ச்சை. இந்தோனேசிய உலமா சபை 2011-இல் வெளியிட்ட 33-ஆம் எண் ஃபத்வாவில், அதாவது மார்க்கத் தீர்ப்பில், தீங்கில்லாமல் பயன்படும்வரை அது ஹலால் என்றது. 2023-இல் நஹ்தத்துல் உலமா என்னும் முஸ்லிம் அமைப்பின் கிழக்கு ஜாவா கிளை அதை ஹராம் என்றது. ஒரே நாட்டில் இரண்டு தீர்ப்பு. பூச்சியை வெறுக்கும் சைவ உணவுக்காரர்களும் குரல் எழுப்ப, அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2012-இல் கொச்சினீலைக் கைவிட்டுத் தக்காளியின் லைகோபீனுக்கு மாறியது. பூச்சியா செடியா என்று கேட்டால் செடி என்பதே பாதுகாப்பான பதில் என எல்லோரும் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

சங்குப்பூவைப் போல எல்லாச் செடியும் தண்ணீருக்கு இணங்குவதில்லை. மஞ்சளின் நிறமான குர்குமின் தண்ணீரில் கரையாது. ஆலைகள் மஞ்சள் தூளை அசிட்டோன், எத்தில் அசிடேட், எத்தனால் போன்ற ஏதாவதொரு கரைப்பானில் ஊறவைத்து நிறத்தை எடுக்கின்றன. பிறகு கரைப்பானை ஆவியாக்குகின்றன. வந்த பிசினைக் குளிர்பானத்தில் கலக்க வேண்டுமென்றால் பாலிசார்பேட் போன்ற ஒரு பால்மமாக்கி வேண்டும். அதிலுள்ள கொழுப்பு அமிலம் பனையிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். கேரட்டின் பீட்டா கரோட்டின் காற்றுப் பட்டால் கெடும். ஆகவே அதை நுண்மணிகளாக்கி மேலே ஜெலட்டின் பூசுவது பழைய வழக்கம். ஜெலட்டின் மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் பன்றியிலிருந்தும் கிடைக்கிறது. பாக்கெட்டின் மேல் கேரட் படம் இருக்கும், உள்ளே பன்றித்தோல் இருக்கலாம். பாலாடைக்கட்டிக்கு மஞ்சள் நிறம் தரும் அன்னாட்டோ இதற்கு நேர் எதிர். தென்னமெரிக்கச் செடியொன்றின் விதையை எண்ணெயிலோ காரநீரிலோ கழுவி எடுத்தால் வேலை முடிந்தது. அப்படி எடுத்ததில் ஐயத்துக்கு இடமில்லை. ஆக, செடிக்குச் செடி, முறைக்கு முறை பதில் வேறு. இயற்கை நிறம் என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இவற்றில் மிகவும் சிக்கலானது திராட்சைத் தோல். இத்தாலியில் 1879 முதலே எனோசியானினா என்ற பெயரில் விற்பனைக்கு வந்த நிறம் இது. ஆலையில் பிரித்தெடுத்து விற்ற செடிநிறங்களில் பழையவற்றில் ஒன்று. பிறந்த இடமே ஒயின் தொழில். பழம் பிழிந்தபின் மிஞ்சும் தோலும் சக்கையும் மலைமலையாகக் குவியும்; அதில் சிவப்பு இன்னும் மிச்சமிருக்கும்; அதை வீணாக்குவானேன் என்பதுதான் கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1966-இல் இதை அனுமதித்த விதியில் செய்முறை வெளிப்படையாகவே இருக்கிறது. பழச்சாறுக்கோ ஒயினுக்கோ பிழிந்தபின் எஞ்சிய, விதை நீக்கிய புதுச் சக்கையைத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கந்தக டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். ஊறும்போது சக்கையிலிருந்து இறங்கிய சர்க்கரையின் பெரும்பகுதி நொதித்து ஆல்கஹாலாக மாறுகிறது. பிறகு வெற்றிடத்தில் ஆவியாக்கிச் சுண்டவைக்கும்போது அந்த ஆல்கஹால் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடுகிறது. கையில் மிஞ்சுவது ஊதா கலந்த சிவப்புத் திரவம். ஒரு பழம், தண்ணீர், கொஞ்சம் கந்தகம். கடைசியில் சாராயமும் இல்லை. ஆனால் இடையில் ஒரு கட்டத்தில் தொட்டிக்குள் இருந்தது நொதித்த திராட்சைச் சாறு. அதற்கு ஊரறிந்த பெயர் ஒயின்.

இங்கேதான் மத்ஹபுகள் எனப்படும் சட்டப் பள்ளிகளின் பழைய விவாதம் உயிர்பெறுகிறது. ஒயின் தானாகவே புளித்துக் காடியானால் அது தூய்மை என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. நபியவர்கள் காடியை நல்ல தொடுகறி என்று பாராட்டியிருக்கிறார்கள். மனிதன் வேண்டுமென்றே எதையாவது சேர்த்து ஒயினைக் காடியாக்கினால்? அநாதைகளுக்கு வாரிசாக வந்த ஒயினைக் காடியாக்கலாமா என்று நபித்தோழர் அபூ தல்ஹா நபியவர்களிடம் கேட்டபோது, கூடாது, கொட்டிவிடு என்று சொல்லப்பட்ட செய்தியை ஷாஃபிஈ தரப்பு ஆதாரமாகக் கொள்கிறது. பொருள் முழுதாக மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்று ஹனஃபி தரப்பு அதை அனுமதிக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியும், உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி வழியும் நிலவுவதால், தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த இரண்டு பதில்களும் வீட்டுச் செய்திதான். ஹனஃபி வழி இலகுவானது, ஆகவே அதில் திராட்சைத் தோல் நிறம் தப்பிவிடும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது வேறு. கரும்புக் கழிவிலிருந்தோ பெட்ரோலியத்திலிருந்தோ வரும் ஆல்கஹாலை மருந்திலும் வாசனைத் திரவியத்திலும் பயன்படுத்த இக்கால ஹனஃபி அறிஞர்கள், பாகிஸ்தானின் முஃப்தி தகீ உஸ்மானி உட்பட, இடம் கொடுப்பதற்குக் காரணமே, அது திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் வராதது. இமாம் அபூஹனீஃபாவின் வரையறையில் அசல் மது என்பது நொதித்த பச்சைத் திராட்சைச் சாறு. எத்தனையோ கரைப்பான்களுக்குத் திறந்துவிடும் அந்த ஹனஃபிக் கதவு, திராட்சைக்குச் சாத்தியே இருக்கிறது.

ஆல்கஹால்தான் ஆவியாகிப் போய்விட்டதே, பிறகென்ன என்பது முதல் ஆட்சேபம். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் பொருள் மாறுவது வேறு, பொருளிலிருந்து ஒன்று பிரிந்து போவது வேறு. ஒயின் காடியாகும்போது ஆல்கஹாலே அமிலமாகிறது. போதை தந்த பொருள் இன்னொன்றாகிவிடுகிறது. சுண்டவைக்கும்போது ஆல்கஹால் எழுந்து போகிறது. அதோடு கலந்திருந்த மற்றது அப்படியே தங்குகிறது. பழைய நூல்கள் இதையும் யோசித்திருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டு ஹனஃபி நூலான அத்-துர்ருல் முக்தார், மதுவில் வேகவைத்த கோதுமை ஒருபோதும் தூய்மையாகாது என்பதையே தீர்ப்பாகச் சொல்கிறது. மும்முறை நீரில் வேகவைத்து ஒவ்வொரு முறையும் உலர்த்தினால் தூய்மையாகும் என்று இமாம் அபூ யூசுஃபின் கருத்தும் உண்டு. வேகும் கோதுமையில் ஆல்கஹால் எவ்வளவு மிஞ்சும்? பெரும்பகுதி ஆவியாகிவிடும். இருந்தும் விவாதம் நடந்தது. அவர்கள் அளந்தது ஆல்கஹாலின் அளவை அல்ல. எதில் ஊறியது என்பதை. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால், ஒயின் செய்து முடித்த சக்கையும், தொட்டியில் நொதிக்கவிட்ட சக்கையும் ஒரு பக்கம் போகின்றன. சாறு பிழிந்ததும் நொதிக்க விடாமல் உடனே எடுத்த நிறம் மறுபக்கம் வருகிறது. இரண்டும் ஒரே பழம். லேபிளில் இரண்டுக்கும் ஒரே எண்.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வரும். கனிந்த பழத்திலும் ரொட்டியிலும் புளித்த மாவிலும் இயல்பாகவே துளி ஆல்கஹால் இருக்கிறது; அதையெல்லாம் விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பிடிப்பானேன்? அதனால்தான் எல்லை வகுத்திருக்கிறார்கள். மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 2011-இல், சுவையூட்டியிலோ நிறமூட்டியிலோ நிலைப்படுத்துவதற்காகச் சேர்ந்த ஆல்கஹால் ஆகுமென்று தீர்மானித்தது. இரண்டு நிபந்தனைகள்: அது மது தயாரிப்பிலிருந்து வந்திருக்கக்கூடாது, இறுதிப் பொருளில் போதை தராத அளவில், 0.5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இந்தோனேசியாவின் 2018-ஆம் ஆண்டு ஃபத்வாவும் பானங்களுக்கு அதே 0.5 விழுக்காட்டை எல்லையாகக் கொள்கிறது. மலேசியத் தீர்மானத்தில் என்னைக் கவர்வது எண் அல்ல, எண்ணுக்கு முன்னால் நிற்கும் நிபந்தனை. அளவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, எங்கிருந்து வந்தது என்று அது கேட்கிறது. மஞ்சளைக் கரைத்த தொழிற்சாலை எத்தனாலும் பழத்தில் தானாக ஊறியதும் இந்தச் சல்லடையில் தங்காமல் இறங்கிவிடும். ஒயின் ஆலைச் சக்கை தங்கிவிடும். பழைய சட்ட அறிஞர்கள் போட்ட கோடும் இங்கேதான் விழுகிறது.

மூன்றாவது குற்றச்சாட்டு, இதெல்லாம் சான்றிதழ் விற்பதற்கான ஏற்பாடு என்பது. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். செடிச் சாற்றுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஹலால் முத்திரை குத்தி விற்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள். ஆனால் சான்றளிப்பு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவில் 1988-இல் கடைப் பொருள்களில் பன்றிக்கொழுப்பு கலந்திருப்பதாகப் பெரும் பீதி எழுந்து, அதன் விளைவாகவே 1989 ஜனவரியில் உலமா சபையின் ஆய்வு அமைப்பு தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அஜினோமோட்டோ விவகாரம் வெடித்தது. அந்தச் சுவைக்கூட்டியின் மூலப்பொருள் கரும்பு வெல்லப்பாகு. நொதிக்க வைக்கும் நுண்ணுயிரியை வளர்க்கச் சோயாப் புரதம். அந்தச் சோயாவைச் சிதைக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதி. இறுதிப் பொருளில் அது இல்லை என்று அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித், அவரே ஒரு பெரிய மார்க்க அறிஞர், ஹலால் என்றார். உலமா சபை ஹராம் என்றது. சரக்கு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கரும்பும் சோயாவும் என்று எழுதியிருந்தாலும் கதை அங்கே முடிவதில்லை என்பதை நாடே கற்றுக்கொண்டது. அதே இந்தோனேசியாதான் 2021-இல் மத விவகார அமைச்சின் 1360-ஆம் எண் ஆணை மூலம், பதப்படுத்தாத, எதுவும் சேர்க்காத தாவரப் பொருள்களுக்குச் சான்றே வேண்டாம் என்று பட்டியலிட்டு விலக்களித்தது. கேள்வி எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதை அந்த அரசாணை, முத்திரை வியாபாரிகளைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இந்தியாவில் பச்சைப் புள்ளி போதாதா என்று கேட்கலாம். பச்சைப் புள்ளி விலங்கைப் பற்றி மட்டுமே பேசும். விலங்கைப் பற்றிக்கூட அது முழுதாகப் பேசவில்லை என்ற வழக்கில்தான், ஒவ்வொரு சேர்மானமும் செடியா விலங்கா என்று மூலத்தை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. சைவ உணவுக்காரரின் கவலையும் முஸ்லிமின் கவலையும் ஜெலட்டினில் சந்திக்கின்றன. ஒயின் சக்கையில் பிரிகின்றன. ஒயின் சைவம்தானே.

ஆகவே என் முடிவு இது. சங்குப்பூ, பீட்ரூட், மஞ்சள், அன்னாட்டோ, துருக்கியில் விளையும் கறுப்புக் கேரட் ஆகியவற்றின் நிறம் ஹலால். கூடச் சேர்த்த ஜெலட்டினும் பால்மமாக்கியும் சரியாக இருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். சாற்றுக்குப் பிழிந்து நொதிக்க விடாமல் எடுத்த திராட்சைத் தோல் நிறமும் அப்படியே. ஒயின் சக்கையிலிருந்தோ நொதித்த ஊறலிலிருந்தோ எடுத்ததைத் தவிர்ப்பதே சரி. இரண்டு மத்ஹபுகளின் பாதையும் அங்கேதான் கொண்டுவிடுகிறது. லேபிளில் 163 என்ற எண்ணைப் பார்த்தால் திராட்சையா கேரட்டா முட்டைக்கோஸா என்பதுகூடத் தெரியாது. அந்தோசயனின் நிறங்கள் அத்தனைக்கும் பொதுவான எண் அது. பாக்கெட்டில் வாடிக்கையாளர் சேவை எண் அச்சிட்டிருப்பார்கள். ஹலாலா என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். எந்தச் செடி, எதில் கரைத்தது, எதைப் பூசியது என்று கேளுங்கள்.